பத்துக் கரண்டி

கொட்பே துறையில் ஐஸ் ஆலை.
படகுக்கு எத்தனை பார், கடனா காசா,
எழுதிக் கிழித்து நீட்டுகிற மேசை என்னுடையது.
பார் உடைகையில் தெறிக்கும் சில்லுகளைப்
பொறுக்கி வாயில் போடுவேன்.
ஒரு வருஷமாய் அதுதான் காலைச் சாப்பாடு.
"அக்காக்குப் பல்லோ, அரவை மெஷினோ" என்பான்
ஐஸ் இழுக்கிற றொபின்சன்.
சிரிப்பேன்.
சிரித்தால் மூச்சு வாங்கும்.

மாடிக்குப் பதினாலு படி.
எட்டாவதில் நின்று
கப்பல் பார்க்கிறவள் போல நடிப்பேன்.
கப்பல் இல்லாத நாளிலும்.

நகங்கள் கார்பன் தாளில் மாட்டிக் கிழிந்தன.
ஓரம் நிமிர்ந்து நடு குழிந்து
யாரோ பெருவிரலால் அமத்திவிட்ட மெழுகு மாதிரி.
சிவப்புப் பூச்சு வாங்கி மறைத்தேன்.
அழகு என்றார்கள்.

பெரியாஸ்பத்திரியில் மிஸ்ஸி
விரலைக் கவ்வும் கருவியோடு வந்து
"பூச்சை அழியும் முதல்" என்றாள்.
பஞ்சு சிவந்து சிவந்து
பத்தும் வெளியே வந்தன, வெளிறி.
மாத்தறைப் பிள்ளை போல, புது டொக்டர்,
ஊசி போடாத சிறிஞ்சால்
என் சுட்டுவிரல் நகத்தில் ஒரு துளி விட்டாள்.
துளி வடியவில்லை.
கையைச் சரித்தாள். அப்போதும் இருந்தது,
உள்ளே குழல்விளக்கு ஒன்று வளைந்து கிடக்க.
"ஹெந்த" என்றாள்.
பிறகு தமிழைத் தேடி எடுத்து,
"கரண்டி. கரண்டி நகம்."

இரும்பு இல்லையாம்.
எனக்குச் சிரிப்பு.
சீனன்குடாக் காட்டுக்குள்
வெள்ளைக்காரன் விட்டுப்போன எண்ணெய்த் தாங்கிகள்
துருவாய் நிற்கின்றன.
கோட்டைக்குப் போனால் பீரங்கி.
துறைமுகத்துச் சேற்றில்
எத்தனை நங்கூரம், எத்தனை முழச் சங்கிலி.
இந்த ஊரிலா இரும்புக்குப் பஞ்சம்?
துண்டில் எழுதியிருந்தது:
ஏழு புள்ளி ஒன்று.

"மாசத்தில எத்தின நாள் போகும்?"
திரைக்கு அந்தப்பக்கம் ஒரு ஆள் இருமினார்.
சொல்ல வாய் வரவில்லை.
ஒன்பது விரலை மடக்காமல் காட்டினேன்.
அவள் அந்த ஒன்பதையும் பார்த்தபடி இருந்தாள்.
அப்போதுதான் எனக்கும் விளங்கியது:
ஒன்பது கரண்டியால்
மாதாமாதம் என்னை அள்ளி
வெளியே ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"ஏன் முந்தி வரேல்ல?"
எல்லாப் பெண்களுக்கும் இப்படித்தான் என்று நினைத்தேன்.
அம்மாவுக்கு இப்படித்தான்.
மேசைக்கு ஒரு நாள் வராவிட்டால்
ஒரு நாள் காசு இல்லை.

வயிற்றை ஸ்கேன் செய்ய ஒரு திகதி.
வெறும் வயிற்றில் குளிசை, தேசிக்காய்த் தண்ணியோடு.
அதற்கு முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலம்
பிளேன்டி கூடாது.
இவ்வளவு நேரமும் அழாதவள்
அதற்கு அழுதேன்.

பஸ் நிலையத்தில் மான் ஒன்று
கையிலிருந்த துண்டை இழுத்துத் தின்னப் பார்த்தது.
விடவில்லை. அதுவும் விடவில்லை.
மூலை கிழிந்துபோனது.
புல் இருக்கக் கடதாசி தின்கிற சீவன்.
உனக்கு எது குறைகிறதோ, போ.

மூன்றாம் கிழமை,
றொபின்சன் பழக்கத்தில் ஒரு சில்லை நீட்டினான்.
வாயில் போட்டேன்.
குளிர் மட்டும் இருந்தது.
அந்த ருசி, மண்ணும் மழையும் போல
தலைக்குள் வெடிக்குமே, அது இல்லை.
இவ்வளவு நாள் எதைத் தின்றேன் என்று
ஐஸைப் பார்த்துக்கொண்டு நின்றேன்,
பிரிந்துபோன ஒருவனின் படத்தைப் பார்ப்பது மாதிரி.

நகம் மெதுவாம். ஆறு மாதம் ஆகலாமாம்.
அடியில் மட்டும் ஒரு நூலளவு
தட்டையாய் முளைத்திருக்கிறது.
குழாயடியில் பெருவிரலை நனைத்தேன்: துளி ஓடியது போல.
மோதிர விரலில் நின்றது.
உதறினேன்.

"அக்கா, துண்டு!"
படகுக்காரர் வெயிலில் நிற்கிறார்.
பல் கூச, சில்லைத் துப்பிவிட்டு எழுதினேன்:
ஆறு பார்.
கடன்.